அரைமணியின் முடிவில்

1

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய நகைச்சுவைத் தொடர்களில் ஒளிந்திருக்கும் சமூக அர்த்தங்களைத் தேடுவது அங்கே ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி விடுகதை அவிழ்ப்பதாகவே எனக்குப் படுகிறது. 1964 முதல் 1967 வரை 98 பகுதிகள் ஒளிபரப்பான 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' தொடரில், கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கும் ஏழு பேரும் கிறிஸ்தவ மரபின் ஏழு பாவங்கள் என்று கணக்குச் சொல்பவர்கள் உண்டு. கோடீஸ்வரன் பேராசை, சினிமா நடிகை காமம் என்று வரிசையாகக் கணக்கு நேராகிவிடுகிறது. நேராகி என்ன ஆயிற்று? அந்தக் கப்பலின் பெயர் 'மின்னோ'. 1961 மே 9 அன்று தொலைக்காட்சியை ஒரு பெரும் பாழ்நிலம் என்று சாடிப் பேசியவர், அத்துறையைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தின் தலைவரான நியூட்டன் மினோ. அவரைக் குத்துவதற்காகத் தொடரின் கர்த்தா ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ் வைத்த பெயர் இது. தெரிந்தே ஒளித்து வைத்தது. கண்டுபிடித்த கணமே தீர்ந்துபோகிறது.

அதே தொடரில் யாரும் ஒளித்து வைக்காமலே கண்ணுக்குத் தப்பும் விஷயம் வேறு. தீவில் கடை இல்லை, வங்கி இல்லை, விலை கொடுத்து வாங்க ஒரு பொருளும் இல்லை. ஆனாலும் கோடீஸ்வரர் ஹவல் கோடீஸ்வரராகவே நீடிக்கிறார். அவர் நீட்டும் நோட்டுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. கில்லிகன் எல்லோருக்கும் எடுபிடியாகவே இருக்கிறான். முதல் வருஷத்துத் தலைப்புப் பாட்டில் ஐந்து பேருக்குத்தான் தனி அடையாளம். பேராசிரியரும் கிராமத்துப் பெண்ணும் மீதிப்பேர் என்ற கணக்கில் போகிறார்கள். தேங்காயைக் கொண்டு எதையும் செய்துவிடும் பேராசிரியருக்குப் படகின் ஓட்டையை அடைக்க மட்டும் தெரிவதில்லை. அடைத்துவிட்டால் தொடர் முடிந்துவிடும்.

இந்தக் கடைசிக் காரணத்தை வெறும் வியாபாரம் என்று தள்ளிவிட முடியவில்லை. சென்ற வாரம் பார்க்காதவனும் இந்த வாரம் தடையின்றிப் பார்க்க வேண்டும். பிற்பாடு மறுஒளிபரப்புக்கு எந்த வரிசையிலும் விற்க முடிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் எல்லாம் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். இந்தத் தொழில் நியதியே இவ்வடிவத்தின் சமூக உள்ளடக்கமாகவும் ஆகிவிடுகிறது. ஒரு தொடர் எதைக் கலைத்து நம்மைச் சிரிக்க வைக்கிறது என்பது மேலே தெரிகிறது. கலைத்தவற்றில் எதை அரைமணிக்குள் பழைய இடத்தில் திருப்பி வைத்தே ஆகவேண்டும் என்று தவிக்கிறது என்பதைப் பார்த்தால், அந்தச் சமூகம் எதை இழக்க அஞ்சியது என்பது தெரியும். 1951-லிருந்து 1983 வரையிலான சில தொடர்களை இந்த ஒரு கேள்வியோடு அணுகிப் பார்க்கிறேன்.

2

'ஐ லவ் லூஸி' 1951 அக்டோபர் 15 அன்று ஸிபிஎஸ் நிறுவனத்தில் தொடங்கியது. செலவை ஏற்றது பிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனி. பார்வையாளர்களை எதிரே உட்கார வைத்து, மூன்று காமிராக்களை ஒரே சமயத்தில் ஓட்டிப் பிலிமில் எடுத்தார்கள். ஒளிப்பதிவுக்குப் பொறுப்பேற்றவர் கார்ல் பிராய்ண்ட். பிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' (1927) படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். ஜெர்மானிய எக்ஸ்பிரஷனிஸத்தின் நிழல்களை உருவாக்கிய அதே கை, மூன்று காமிராக்களுக்கும் ஒருசேரப் பொருந்தும்படி, நிழலே தங்காத ஒரு நடுத்தர வர்க்க வரவேற்பறைக்கு விளக்கு வைத்தது.

லூஸி ஒரு குடும்பப் பெண். கணவன் ரிக்கி இரவு விடுதியில் வாத்தியக் குழு நடத்தும் கியூபாக்காரன். அவளுக்கு மேடை ஏறவேண்டும். அவன் கூடாது என்கிறான். ஆறு வருஷமும் 180 பகுதிகளும் இந்த ஒரு மறுப்பைச் சுற்றி வருகின்றன. 1952 செப்டம்பரில் வந்த 'ஜாப் ஸ்விட்ச்சிங்' பகுதியில் பந்தயம் வைத்து ஆண்கள் வீட்டு வேலையையும் பெண்கள் வெளிவேலையையும் மாற்றிக்கொள்கிறார்கள். மிட்டாய் ஆலையில் ஓடும் பட்டையில் வரும் சாக்லேட்டுகளை லூஸியும் எத்தலும் காகிதத்தில் சுற்றி அனுப்ப வேண்டும். வேகம் கூடுகிறது. சமாளிக்க முடியாமல் வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணித்துக்கொள்கிறார்கள். மேற்பார்வையாளர் வந்து, பட்டை காலியாக இருப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்து, இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறார்.

சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் சாப்ளின் இயந்திரத்துக்குள்ளேயே போய்விடுகிறார். இங்கே இருவரும் தோல்வியை மறைக்கிறார்கள். மறைத்ததன் பலன் இன்னும் கூடுதல் வேலை. உழைப்பின் வேகம் எப்படிக் கூட்டப்படுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன கலைப்படைப்புகள் அதிகம் இல்லை. அந்தப் பக்கம் ரிக்கி வடித்த சோறு பாத்திரத்திலிருந்து பொங்கிச் சமையலறைத் தரையெல்லாம் வழிகிறது. முடிவில் நால்வரும் தோல்வியை ஒப்புக்கொண்டு அவரவர் இடத்துக்குத் திரும்புகிறார்கள். நன்றிக்கு அடையாளமாக ஆண்கள் மனைவிமாருக்கு வாங்கி வருவது பெரிய பெட்டி நிறையச் சாக்லேட். இது வெறும் வேடிக்கை முடிவுதானா? ஆலையில் விழுங்கியதே பரிசாக வீட்டுக்கும் வந்து சேர்கிறது.

நடிகை லூஸில் பால் கருவுற்றபோது அதையும் கதைக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் கர்ப்பம் என்ற சொல்லைச் சொல்ல ஸிபிஎஸ் அனுமதிக்கவில்லை. ஒரு கத்தோலிக்கப் பாதிரியும் ஒரு புராடஸ்டண்ட் போதகரும் ஒரு யூத ரபியும் வசனங்களைப் பார்த்துச் சரி சொன்னார்கள். 1953 ஜனவரி 19 அன்று குழந்தை பிறக்கும் பகுதியை 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு. மறுநாள் ஐஸன்ஹோவர் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. மனைவியின் உடல் கண்ணெதிரே பருத்து நிற்கிறது; அதற்குரிய சொல் மட்டும் தடை. தம்பதிகளுக்குத் தனித்தனிக் கட்டில்.

கதைக்குள் வேலைக்குப் போகக்கூடாத இந்தப் பெண், கதைக்கு வெளியே தொடரைத் தயாரித்த டெஸிலு கம்பெனியின் பங்குதாரர். விவாகரத்துக்குப் பின் 1962-ல் கணவர் டெஸி ஆர்னாஸின் பங்கையும் வாங்கி அந்த ஸ்டூடியோவின் தலைவரானார். நிஜ வாழ்வில் அடைந்ததைக் கதையில் அடைய முடியவில்லை என்று இதை முரணாகச் சொல்வது வழக்கம். எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. லூஸி ஒவ்வொரு வாரமும் தோற்றுத் திரும்பியதால்தான் லூஸில் பாலுக்கு அந்த வெற்றி கிடைத்தது. வீட்டுக்குத் திரும்பும் அந்தக் கடைசி நிமிஷம் ஒரு சுங்கம். அதைக் கட்டிய பிறகே மீதி நிமிஷங்களின் கலகத்துக்கு அனுமதி. பார்த்த பெண்களின் மனதில் தங்கியது சுங்கமா, கலகமா என்று நிச்சயமாகச் சொல்ல எந்த விமர்சகனிடமும் கருவி இல்லை.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது 'த ஹனிமூனர்ஸ்' (1955-56). 39 பகுதிகள்தான். ரால்ப் கிராம்டன் ஒரு பஸ் டிரைவர். வாரச் சம்பளம் 62 டாலர். மாடிவீட்டுக்காரன் நார்ட்டன் சாக்கடைத் தொழிலாளி. புரூக்ளினில் ஒரே அறை. ஒரு மேஜை, அடுப்பு, ஐஸ் பெட்டி. சீக்கிரம் பணக்காரனாகிவிட ரால்ப் போடும் திட்டங்கள் எல்லாம் மண்ணைக் கவ்வுகின்றன. முதல் பகுதியில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கத் தனியாக வசதியில்லாமல் இருவரும் பணம் சேர்த்து ஒன்று வாங்கிச் சண்டை போடுகிறார்கள். அமெரிக்காவின் செழிப்பைப் பறைசாற்றிய அந்தப் பெட்டிக்குள்ளேயே, அந்தப் பெட்டியை வாங்க முடியாதவன் உட்கார்ந்திருந்தான். செலவை ஏற்றது ப்யூக் கார் கம்பெனி. இங்கே திருப்பி வைக்கப்படுவது வறுமை. 'ஃபாதர் நோஸ் பெஸ்ட்' போன்ற புறநகர்க் குடும்பங்களின் தொடர்கள் திரையை நிறைத்துக்கொண்டிருந்த வருஷங்களில் இவ்வளவு வெறுமையான அறை ஒன்று அங்கே இருந்தது என்பதே விஷயம்.

3

'ஆண்டி கிரிஃபித் ஷோ' 1960 அக்டோபர் 3 அன்று தொடங்கியது. வட கரோலினா மாநிலத்தில் மேபரி என்று ஒரு கற்பனைச் சிற்றூர். அதன் ஷெரீப் ஆண்டி துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. உதவியாளன் பார்னிக்கு ஒரே ஒரு தோட்டா. அதுவும் சட்டைப் பையில். கிரிஃபித் பிறந்த ஊர் அதே மாநிலத்து மவுண்ட் ஏரி. அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் கிரீன்ஸ்பரோ. தொடர் ஆரம்பிப்பதற்கு எட்டு மாதம் முன்பு, 1960 பிப்ரவரி 1 அன்று, அங்கே உல்வொர்த் கடையின் வெள்ளையர் உணவு மேடையில் நான்கு கறுப்பு மாணவர்கள் உட்கார்ந்து காபி கேட்டார்கள். தெற்கு முழுவதும் பரவிய உள்ளிருப்புப் போராட்டம் அங்கே தொடங்கியது.

எட்டு வருஷம் ஓடிய தொடரில் 249 பகுதிகள். அதில் குறிப்பிடத்தக்க பேசும் வேடம் ஒரே ஒரு கறுப்பருக்கு, 1967-ல், ஒரே ஒரு பகுதியில். 1963 மே மாதம் பர்மிங்ஹாமில் சிறுவர்கள் மேல் போலீஸ் நாய்கள் ஏவப்பட்டன. 1965 மார்ச் 7 அன்று செல்மாவில், ஷெரீப் ஜிம் கிளார்க்கின் ஆட்களும் மாநிலப் போலீஸும் ஊர்வலத்தினரைப் பாலத்தின்மேல் அடித்து நொறுக்கினார்கள். அன்றிரவு ஏபிஸி நிறுவனம், ஜெர்மானிய நாஜி நீதிபதிகளின் விசாரணை பற்றிய 'ஜட்ஜ்மெண்ட் அட் நூரம்பர்க்' படத்தை நடுவில் நிறுத்தி அந்தக் காட்சிகளைக் காட்டியது. தொலைக்காட்சி தன்னையறியாமல் செய்த மகத்தான எடிட்டிங் என்று இதைச் சொல்வேன். மறுநாள் திங்கட்கிழமை, மேபரியின் ஷெரீப் வழக்கம்போல் ஸிபிஎஸ்ஸில் வந்தார்.

மற்றத் தொடர்களில் ஏதோ ஒன்று கலைந்து பின் சீராகிறது. மேபரியில் கலைவதே குறைவு. நகரத்திலிருந்து அவசரக்காரன் ஒருவன் வருவான். ஊரின் நிதானம் அவனைக் குணப்படுத்தும். திருப்பி வைக்க வேண்டியது அரைமணிக்கு முன்பே, ஊரை வரைந்தபோதே, அப்புறப்படுத்தப்பட்டுவிட்டது. துப்பாக்கி தேவைப்படாத ஷெரீப் எந்த ஊரில் சாத்தியம்? அடக்கப்பட வேண்டியவர்கள் யாரும் வசிக்காத ஊரில். இதைச் சதி என்று நான் சொல்லவில்லை. எழுதியவர்கள் கூடிப் பேசித் தீர்மானித்திருக்க வேண்டியதில்லை. விற்கும் பொருளைத் தெற்கிலும் வடக்கிலும் விற்க வேண்டிய கம்பெனிகளின் காலம் அது. யாரும் புண்படாத ஊர் வேண்டுமானால் அங்கே யாரெல்லாம் இருக்கக்கூடாது என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.

இந்த இன்மைக்கு ஒரு முன்கதையும் உண்டு. 'ஏமஸ் அண்ட் ஆண்டி', 1928 முதல் வானொலியில் இரண்டு வெள்ளையர்கள் கறுப்பரின் குரலில் பேசி நடத்திய நிகழ்ச்சி. 1951-ல் தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பு நடிகர்களே நடித்தார்கள். இழிவுபடுத்துகிறது என்று கறுப்பர் உரிமைச் சங்கமான என்ஏஏஸிபி எதிர்த்தது, 1953-ல் நின்றது, மறுஒளிபரப்புகளும் 1966-ல் விலக்கப்பட்டன. எதிர்ப்பு நியாயமானது. அதிலிருந்து வியாபாரம் கற்ற பாடம் வேறு: தப்பாகக் காட்டாமலிருக்கச் சுலபமான வழி காட்டாமலே இருப்பது. வேலைக்காரி அல்லாத ஒரு கறுப்புப் பெண்ணை நடுநாயகமாக வைத்து 'ஜூலியா' வந்தது 1968 செப்டம்பரில். ஆண்டி கிரிஃபித் தொடரின் கடைசிப் பகுதி அதே 1968-ல் ஏப்ரல் 1 அன்று வந்தது. பார்வையாளர் எண்ணிக்கையில் அது முதலிடத்தில் இருந்த வருஷம். மூன்று நாள் கழித்து மெம்ஃபிஸில் மார்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

4

'பிவிட்ச்ட்' (1964-72) இவற்றில் மிகச் சிக்கலானது. சமந்தா ஒரு சூனியக்காரி. மூக்கை அசைத்தால் போதும், நினைத்தது நடக்கும். விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் சாதாரண மனிதனைக் கல்யாணம் செய்துகொண்டு, இனி மந்திரத்தைத் தொடுவதில்லை என்று அவனுக்கு வாக்குக் கொடுக்கிறாள். பெட்டி பிரீடன் 'ஃபெமினின் மிஸ்டிக்' நூலில், படித்த பெண்கள் வீட்டுக்குள் பெயரில்லாத ஒரு நோயால் வாடுவதைப் பற்றி எழுதியது 1963-ல். மறுவருஷம் இந்தத் தொடர். உலகைப் புரட்டும் சக்தியுள்ளவள் தரை துடைக்கிறாள். அவள் சக்தியைக் கணவன் ஏன் அஞ்சுகிறான் என்பதற்குத் தொடர் ஒருபோதும் காரணம் சொல்வதில்லை; சொல்லாமலே எல்லா வீட்டிலும் அது புரிந்தது. சிக்கலில் மாட்டும் கணவனைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்தச் சக்திதான். வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் குடும்பம்.

தன் இயல்பை அக்கம்பக்கத்தாரிடமிருந்து மறைத்து வாழும் ஒருத்தி என்று பார்த்தால், ஓரினச்சேர்க்கையாளர்கள் இதில் தம் கதையைக் கண்டது வியப்பில்லை. நடித்த எலிஸபத் மாண்ட்கோமரி அந்த வாசிப்பைப் பின்னாளில் ஏற்றுக்கொண்டார். 1969 முதல் கணவனாக நடித்த டிக் ஸார்ஜண்ட் தாம் ஓரினச்சேர்க்கையாளர் என்று 1991-ல் வெளிப்படையாக அறிவித்தார். எட்டு வருஷம் ஓடிய அந்த ரகசியக் குடும்பத்தில் உண்மையாகவே ரகசியத்தைச் சுமந்தவர் சாதாரண மனிதனாக வந்தவர். இதை ஏழு பாவக் கணக்கோடு சேர்க்க மாட்டேன். அதைக் கண்டுபிடித்தவனுக்கு ஒன்றும் மாறவில்லை. இதைக் கண்டுகொண்டவர்களுக்கு அது தங்கள் வாழ்க்கை.

1970 டிசம்பர் 24 அன்று வந்த ஒரு பகுதியின் கதையை எழுதியவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் ஜெபர்ஸன் பள்ளியின் 26 கறுப்பு மாணவர்கள். சமந்தாவின் மகளும் ஒரு கறுப்புச் சிறுமியும் சகோதரிகளாக விரும்புகிறார்கள். மந்திரத்தால் ஒருத்தி மேல் கறுப்புப் புள்ளிகளும் மற்றவள் மேல் வெள்ளைப் புள்ளிகளும் தோன்றிவிடுகின்றன. முடிவில் புள்ளிகளை நீக்கியாக வேண்டும். அவை நீங்கக்கூடாது என்று ஒரு மாணவனாவது விரும்பியிருப்பான் என்றே நினைக்கிறேன்.

5

1971-ல் ஸிபிஎஸ் தன் கிராமத்துத் தொடர்களை மொத்தமாக ஒழித்துக்கட்டியது. பார்ப்பவர்கள் இல்லாமல் அல்ல. வயதானவர்களும் கிராமத்தார்களும் பார்த்தார்கள். விளம்பரக்காரர்களுக்கு நகரத்து இளைஞர்கள் வேண்டியிருந்தார்கள். அந்த ஜனவரி 12 அன்று நார்மன் லியரின் 'ஆல் இன் த ஃபாமிலி' தொடங்கியது. அதன் துணிச்சலைப் புகழ்பவர்கள் இந்தச் சந்தை மாற்றத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூலம் பிரிட்டனில் இருக்கிறது. ஜானி ஸ்பைட் எழுதி 1966-லிருந்து பிபிஸியில் ஓடிய 'டில் டெத் அஸ் டூ பார்ட்'. அதன் ஆல்ஃப் கார்னெட் கிழக்கு லண்டன் தொழிலாளி. கறுப்பர், யூதர், தொழிற்சங்கம் எல்லோரையும் வாய் ஓயாமல் ஏசுபவன். நடித்த வாரன் மிட்சல் யூதர். கிண்டலுக்காகப் படைத்தவனைக் கொண்டாடி, நன்றாகச் சொன்னீர்கள் என்று தெருவில் கைகொடுக்க வந்தவர்களைப் பற்றி அவர் கசப்போடு சொல்லியதுண்டு. அமெரிக்காவில் ஆல்ஃப் ஆர்ச்சி பங்க்கர் ஆனான். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வீடு. மனிதர்களின் பலவீனங்களையும் துவேஷங்களையும் சிரித்துப் பார்ப்பதே நோக்கம் என்று முதல் ஒளிபரப்புக்கு முன் ஓர் அறிவிப்பு காட்டினார்கள். அர்த்தத்தை ஒளிக்காமல் வாசலிலேயே எழுதி மாட்டிய தொடர் இது.

மாட்டியும் பயனில்லை. 1974-ல் நீல் விட்மர், மில்டன் ரோகீச் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க மாணவர்களிடையேயும் கனடாவின் பெரியவர்களிடையேயும் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். துவேஷ மனோபாவம் மிகுந்தவர்கள், ஆர்ச்சியை மெச்சவும் அவன் பேச்சில் நியாயம் காணவும் மற்றவர்களைவிட அதிகம் சாய்ந்தார்கள். ஒரே வசனம், ஒரே சிரிப்பு. ஒருவன் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரிக்கிறான், பக்கத்தில் உட்கார்ந்தவன் ஆர்ச்சியோடு சேர்ந்து சிரிக்கிறான். கூடத்தில் இரண்டும் ஒரே ஓசையாகத்தான் கேட்கும்.

படைப்பாளியின் நோக்கத்தை எடுத்துக்காட்டி வழக்கை முடித்துக்கொள்ளும் நம் விமர்சனப் பழக்கத்துக்கு இது ஓர் அடி. ஆர்ச்சி ஒவ்வொரு வாரமும் வாதத்தில் தோற்கிறான். தோற்றபின் வரவேற்பறையில் தன் நாற்காலியில் போய் உட்கார்கிறான். அதில் வேறு யாரும் உட்காரக்கூடாது. வாதத்தின் முடிவை ஒருவன் நினைவில் வைத்துக்கொள்ளலாம். நாற்காலி யாருடையது என்பதை மற்றவன் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்த நாற்காலி 1978 முதல் வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் பொருட்காட்சியில் இருக்கிறது.

6

சிரிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950-களில் விசைப்பலகை வைத்த ஒரு பெட்டியைச் செய்தார். விசையை அழுத்தினால் பதிவு செய்த சிரிப்பு வரும்: புன்சிரிப்பு, வெடிச்சிரிப்பு, ஒரு பெண்ணின் தனிச் சிரிப்பு. மேபரியிலும் சமந்தாவின் வீட்டிலும் கேட்பது இந்தப் பெட்டி. எங்கே சிரிக்க வேண்டும் என்று அது சொல்கிறது என்பார்கள். அதைவிட முக்கியம், எங்கே பதற வேண்டாம் என்றும் அது சொல்கிறது.

கொரியப் போர்முனை மருத்துவமனையில் நடக்கும் 'மாஷ்' (1972-83) தொடருக்கும் இந்தச் சிரிப்பு வேண்டும் என்று ஸிபிஎஸ் வற்புறுத்தியது. தயாரித்தவர்கள் ஓர் இடத்தை மட்டும் மீட்டார்கள்: அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் சிரிப்புக் கூடாது. பிபிஸி சிரிப்பை அறவே நீக்கி ஒளிபரப்பியது. அமெரிக்காவில் நகைச்சுவையாக இருந்தது பிரிட்டனில், ஒரு வார்த்தையும் மாறாமல், தூக்கம் கெட்டவர்களின் பிதற்றலாகக் கேட்டது.

1975 மார்ச் 18 பகுதியில், முகாமின் தலைவர் ஹென்றி பிளேக் விடுதலை பெற்று ஊருக்குக் கிளம்புகிறார். நடிகர் தொடரைவிட்டு விலகுகிறார், கட்டிப்பிடித்து வழியனுப்புகிறார்கள். அத்தோடு முடிந்திருக்கலாம். எல்லா நகைச்சுவைத் தொடர்களிலும் அப்படித்தான் முடியும். ஆனால் கடைசிக் காட்சியில் அறுவைக் கூடத்துக்குள் ராடார் வந்து, ஹென்றி பிளேக் போன விமானம் ஜப்பான் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று படிக்கிறான். அந்தப் பக்கத்தைப் படப்பிடிப்புக்குச் சற்று முன்புவரை நடிகர்களுக்கே கொடுக்கவில்லை. டாக்டர்களின் கை நிற்கவில்லை, தைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பது கருவிகளின் சத்தம் மட்டும். ஆறு வாரம் கழித்து ஸைகோன் வீழ்ந்தது.

பார்த்தவர்கள் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கோபம்தான் எனக்கு முக்கியமான சான்று. இருபது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு வாரமும் எல்லாம் பழைய இடத்துக்குத் திருப்பி வைக்கப்படும் என்று எழுதாத ஓர் ஒப்பந்தம் இருந்தது. முறிந்த பிறகே அது இருந்ததென்று அவர்களுக்குத் தெரிந்தது. அப்போதும் அவர்கள் அழுதது ஓர் அமெரிக்கனுக்காக. 256 பகுதிகளில் கொரியர்கள் நோயாளிகளாகவும் ஏவலர்களாகவும் தெரு வியாபாரிகளாகவுமே பெரும்பாலும் வந்துபோகிறார்கள். மேபரியின் இன்மை இங்கே பின்னணிக் கூட்டமாக நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பாழ்நிலம் என்று சொல்லிக் கடந்துபோனவர்களும் சரி, அங்கே புதையல் வரைபடம் தேடியவர்களும் சரி, இந்த நிலத்தில் யார் நடக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. எல்லாம் சீராகிவிட்டது என்று இசை எழும் இடத்தில், அந்தச் சீருக்காக யார் எந்த இடத்துக்குத் திரும்பிப் போனார்கள் என்று கவனித்தால் போதும். அதைக் கேட்கக் கற்றுக்கொண்டவனுக்கு, நாவலின் சுபமான கடைசி அத்தியாயங்களிலும் அதே ஓசை கேட்கும். நாம் மெச்சிக்கொள்ளும் நாவல்களிலும்கூட.